‘ரத்தப்போக்கு நார்மல்’னு நான் எழுதின கேஸ்: பிரசவத்துக்கு அப்புறம் முதல் ஒரு மணி நேரம்

இது நான் தென்மாவட்டத்துல கடலோரமா இருக்குற ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துல ஸ்டாஃப் நர்ஸா இருந்தப்ப நடந்தது. ஊர் பேர், ஆள் அடையாளம் எதுவும் சொல்லப் போறதில்ல, தெரிஞ்சுடக் கூடாதுன்னு சின்னச் சின்ன விவரங்கள மாத்தியும் இருக்கேன். ஆனா நேரம், நாடித்துடிப்பு, பிபி, மருந்து அளவு எல்லாம் அப்ப நடந்தபடிதான் எழுதுறேன், அதுலதான் இந்த கேஸோட விஷயமே இருக்கு.

பொண்ணுக்கு 24 வயசு. ரெண்டாவது பிரசவம், மூத்த பையனுக்கு அப்ப ரெண்டு வயசு கூட முழுசா ஆகல. புருஷன் சவுதியில வேலை. பத்தாவது வாரத்துலயே வந்து பதிவு பண்ணிட்டா, கர்ப்பிணிகளுக்குக் குடுக்குற பிக்மி பதிவு நம்பர் போட்டாச்சு. ரத்த குரூப் பி பாசிட்டிவ், பிபி எப்பவும் 110/70 பக்கம்தான், சுகர் டெஸ்ட் நார்மல், ஸ்கேன்ல நஞ்சு, அதாவது பிளசென்டா, மேல்பக்கமா பின்புறச் சுவர்ல, பிரச்சனை இல்ல. ஒரே ஒரு குறை எச்பி, அதாவது ரத்தத்துல இருக்குற ஹீமோகுளோபின். பதிவு பண்ணப்ப 9.2. இரும்புச்சத்து மாத்திரை குடுத்தோம், ஒரு மாசம் போட்டுட்டு நிறுத்திட்டா. ஏன்னு கேட்டா வாந்தி வருது, மோஷன் கருப்பா போகுது, பக்கத்து வீட்டு அக்கா ‘புள்ள கருப்பாயிரும்’னு சொன்னாங்கன்னு சொல்றா. 28 வாரத்துல 8.6-க்கு இறங்கிருச்சு. அப்புறம் அயர்ன் சுக்ரோஸ் டிரிப் போட வரச்சொல்லி நாலு டோஸ் திட்டம் போட்டோம், மூணுக்கு வந்தா, நாலாவதுக்கு மூத்தவனுக்கு காய்ச்சல்னு வரல. கிராம சுகாதார செவிலியர் அக்கா ரெண்டு தடவ வீட்டுக்கே போய் கூப்பிட்டுப் பாத்தாங்க. 36 வாரத்துல 9.8. அதனால பிரசவம் இங்க வேண்டாம், ரத்த வங்கி இருக்குற ஜிஎச்ல பாத்துக்கலாம்னு எங்க டாக்டர் மேடம் கார்டுலயே எழுதிட்டாங்க.

ஆனா வலி நம்ம எழுதினத பாத்துட்டு வர்றதில்லையே. ஐப்பசி மழை, ராத்திரி 1.40-க்கு ஒரு ஆட்டோவுல அம்மாச்சியோட வந்து இறங்குனா. அவளோட அம்மா இறந்து நாலு வருஷம் ஆச்சு, அதனால எல்லாத்துக்கும் அம்மாச்சிதான். உள்ளே பாத்தா கர்ப்பப்பை வாய் 7 செ.மீ திறந்துருச்சு, தலை நல்லா இறங்கியிருக்கு, பனிக்குடம் உடையல. ஜிஎச் 45 கிலோமீட்டர், அந்த மழையில ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. மேடத்துக்கு குவார்ட்டர்ஸுக்கு போன் போட்டேன், வழியில வண்டிக்குள்ளயே பிறந்துரும், இங்கயே பாக்கலாம்னு சொன்னாங்க. அந்த முடிவு சரிதான், இப்பவும் அதத்தான் எடுப்பேன்.

நாடி 92, பிபி 116/74, குழந்தை இதயத்துடிப்பு 142. கைல ஊசி லைன் போட்டேன், பிங்க் கலர், 20 கேஜ். நரம்பு சரியா கிடைக்கல, பொண்ணு வலியில கைய இழுக்குறா, கிடைச்சதப் போட்டுட்டு வந்துட்டேன். எச்பி 10-க்குக் கீழ இருக்குற, ஜிஎச் போக வேண்டிய ஒரு பொண்ணுக்கு அதைவிடத் தடிமனான ஊசி, குறைஞ்சது பச்சை 18, முடிஞ்சா சாம்பல் கலர் 16 போட்டிருக்கணும். எல்லாம் நல்லா இருக்கும்போது எந்த கலர் லைன்னு யாரும் கேக்க மாட்டாங்க, ரத்தம் போக ஆரம்பிச்சதுக்கு அப்புறம் நரம்பு தேடுனா நரம்பு எல்லாம் சுருங்கிப் போய் கண்ணுக்கே தெரியாது.

அம்மாச்சிய கூடவே நிக்க விட்டோம். ஆறு பிள்ளைய வீட்டுலயே பெத்தவங்க, பயப்படுற ஆள் இல்ல, பேத்தி இடுப்பை நீவி விட்டுக்கிட்டே இருந்தாங்க. பொண்ணு ஒண்ணும் கத்தல, வலி வரும்போது என் கைய இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு ‘அக்கா போயிராதீங்க’ன்னு மட்டும் சொன்னா.

விடியக்காலை 4.12-க்கு பொம்பளப் புள்ள. உடனே அழுதுச்சு. அம்மா நெஞ்சு மேல போட்டு துடைச்சு போர்த்திவிட்டு, உள்ள இன்னொரு குழந்தை இல்லன்னு வயித்த தொட்டுப் பாத்துட்டு ஒரு நிமிஷத்துக்குள்ள கர்ப்பப்பைய சுருங்க வைக்கிற ஆக்ஸிடோசின் 10 யூனிட் தொடையில போட்டேன். கொடித்துடிப்பு நின்னதுக்கு அப்புறம் கிளாம்ப் போட்டு கட் பண்ணேன். 4.20-க்கு நஞ்சு வந்துருச்சு, தண்ணியில கழுவி விரிச்சு துண்டு துண்டா பாத்தேன், முழுசா இருக்கு, சவ்வும் முழுசு. சின்னக் கீறல் ஒண்ணு, தையல் தேவையில்ல. குழந்தை எடை 3.7 கிலோ, மூத்தவன் 2.8 தான் இருந்தான். கர்ப்பப்பை கல்லு மாதிரி கெட்டியா தொப்புளுக்குக் கீழ இருந்துச்சு. கேஸ் ஷீட்ல எழுதினேன்: ‘ரத்தப்போக்கு சுமார் 200 மிலி. நார்மல்.’

அந்த 200-ஐ நான் அளக்கல. கண்ணால பாத்து எழுதுனது. பிரசவத்துல இடுப்புக்கு அடியில போடுறதுக்குன்னு ஒரு பிளாஸ்டிக் விரிப்பு இருக்கு, கீழ புனல் மாதிரி பை, அதுல மிலி கோடு போட்டிருக்கும், ரத்தம் நேரா அதுல விழும், கோட்டைப் பாத்தா எவ்வளவுன்னு தெரிஞ்சுரும். இந்த மாதிரி விரிப்பு வந்ததே நம்ம பக்கத்துல கர்நாடகாவுல பெல்காம்ல கிராமத்து பிரசவங்கள வச்சு நடந்த ஒரு ஆய்வுலதான். கண்ணால மதிப்பிட்டா உண்மையான அளவுல மூணுல ஒரு பங்கு குறைவாவே சொல்லுறோம்னு அங்க அளந்து பாத்து 2006-ல எழுதியிருக்காங்க. எங்க பீரோவுல அந்த விரிப்பு பிரிக்காத பாக்கெட்டா ரெண்டு இருந்துச்சு. எப்பவாவது பாக்க வர்ற அதிகாரிக்கு காட்ட எடுத்து வச்சிருந்தோம். இத எழுதும்போது எனக்கு கை கூசுது, ஆனா எழுதணும், ஏன்னா இந்த மாதிரி பூட்டி வச்சிருக்குற பாக்கெட் எங்க இடத்துல மட்டும் இருந்திருக்காதுன்னு நெனைக்கிறேன்.

4.35-க்கு திரும்பவும் பாத்தேன். கர்ப்பப்பை கெட்டி. நாடி 98, பிபி 110/70. எனக்கு அப்ப கண்ணு போனது பிபி மேலதான், 110/70 நல்லா இருக்குன்னு மனசு சொல்லிருச்சு. நாடியை மேல்பிபியால வகுத்துப் பாத்தா 0.89 வருது. 0.9-க்கு மேல போனா உஷாராகணும், அதோட வாசல்லயே வந்து நிக்குது அந்த நம்பர். கர்ப்பமா இருக்குற பொண்ணுக்கு உடம்புல ரத்தம் கிட்டத்தட்ட பாதி பங்கு கூடியிருக்கும், அதனால நல்லா ரத்தம் போற வரைக்கும் பிபி அப்படியே காட்டும், அப்புறம் திடீர்னு மளமளன்னு இறங்கும். முதல்ல ஓடுறது நாடிதான். இது நர்சிங் படிக்கும்போதே பரிட்சைக்கு எழுதினதுதான், ஆனா ராத்திரி நாலரைக்கு ஷீட்ல கையெழுத்து போடும்போது ஞாபகம் வரல.

4.50-க்கு அடுத்த செக் பண்ணியிருக்கணும். முதல் ரெண்டு மணி நேரம் பதினஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ பாக்கணும்னு விதி. அப்பத்தான் இன்னொரு பொண்ணு வலியோட வந்தா, தலைப்பிரசவம், ஒரே கத்தல், பனிக்குடம் உடைஞ்சு தண்ணி போயிக்கிட்டே இருக்கு. ராத்திரி டூட்டியில நான் ஒரு நர்ஸ், ஒரு ஆயாம்மா, கேட்டுல வாட்ச்மேன் அண்ணன், அவ்வளவுதான். அவளைப் பாக்கப் போனேன். 4.50 செக் விட்டுப் போச்சு.

5.05-க்கு அம்மாச்சி வாசல்ல வந்து நிக்கிறாங்க. ‘ஆத்தா, புள்ள குளிருதுங்குறா, கொட்டாவி விட்டுக்கிட்டே இருக்கா, தண்ணி தண்ணிங்குறா. பச்சத் தண்ணி குடுக்கலாமா’ன்னு கேக்குறாங்க. குளிர், கொட்டாவி, தாகம், இந்த மூணும் சேர்ந்து கேட்டதும் எனக்கு அடிவயித்துல என்னமோ பண்ணுச்சு, ஓடுனேன்.

முகம் வெளுத்து நெத்தியில வேர்வை. நாடி 118, பிபி 100/70. வயித்துல கை வச்சா கர்ப்பப்பைய காணோம், கெட்டியா இருந்த பந்து பிசைஞ்ச மாவு மாதிரி தொளதொளன்னு தொப்புளுக்கு மேல ஏறி வலது பக்கமா ஒதுங்கிக் கிடக்கு. போர்வைய விலக்கினா மேல பேடு பாதிதான் நனைஞ்சிருக்கு, ஆனா இடுப்புக்கு அடியில கை விட்டா ரப்பர் ஷீட்டோட குழியில குளமா தேங்கி நிக்குது. சத்தமே இல்லாம, மேல இருந்து பாத்தா ஒண்ணுமே தெரியாத மாதிரி அவ முதுகுக்குக் கீழ போயிக்கிட்டு இருந்திருக்கு. வயித்த அமுக்கித் தேச்சதும் கட்டி கட்டியா வந்து விழுந்துச்சு.

ஏன் இப்படி ஆகுதுன்னு தெரிஞ்சுக்கணும். மாசம் நிறைஞ்ச கர்ப்பப்பைக்கு நிமிஷத்துக்கு 500-ல இருந்து 700 மிலி ரத்தம் ஓடிக்கிட்டு இருக்கும். நஞ்சு பிரிஞ்சதும் அந்த இடத்துல எல்லா ரத்தக்குழாயும் வாயத் திறந்துக்கிட்டு நிக்குது. கர்ப்பப்பை தசை குறுக்கும் நெடுக்குமா பின்னியிருக்குறதால அது சுருங்கும்போது அந்தக் குழாய்கள அப்படியே நெரிச்சு மூடிரும். சுருங்கலன்னா மூடாது. பெரிய குழந்தை வளர்ந்து இழுத்த தசை சீக்கிரம் சோர்ந்துரும், இவளுக்கு 3.7 கிலோ. மூத்திரப்பை நிறைஞ்சு இருந்தாலும் சுருங்க விடாது. இவ ஒண்ணுக்கு போனது ராத்திரி ஒன்றரைக்கு வீட்டுல. நான் அதைக் கேக்கவே இல்ல. ரத்தசோகை வேற, மத்தவங்க தாங்குற அளவ இவ உடம்பு தாங்காது.

5.07. ‘ஆயாம்மா மேடத்துக்கு போன் போட்டு ஸ்பீக்கர்ல வைங்க, அண்ணே 108 கூப்பிடுங்க, பக்கத்துத் தெரு சிஸ்டரையும் எழுப்புங்க’ன்னு கத்திக்கிட்டே ஒரு கையால வயித்த தேச்சுக்கிட்டு இருக்கேன். தேய்க்கும்போது கெட்டியாகுது, கைய எடுத்தா திரும்ப தொளதொளங்குது. அம்மாச்சி கைய எடுத்து வயித்துல வச்சு ‘இங்க இப்படி வட்டமா அமுக்கித் தேச்சுக்கிட்டே இருங்க அம்மாச்சி, நான் சொல்ற வரைக்கும் நிறுத்தாதீங்க’ன்னு சொன்னேன். ஒரு கேள்வி கேக்காம செஞ்சாங்க. எனக்கு அப்பத்தான் ரெண்டு கையும் கிடைச்சுது.

மூத்திர டியூப் போட்டேன், 700 மிலி வந்துச்சு. வந்ததும் கர்ப்பப்பை நடுவுக்கு இறங்குனது கையிலயே தெரிஞ்சுது. 500 மிலி ஆர்.எல் டிரிப்ல ஆக்ஸிடோசின் 20 யூனிட் கலந்து ஓட விட்டேன். இன்னொரு கையில லைன் தேடுனா நரம்பு இல்ல, மூணாவது குத்துலதான் 18 கேஜ் ஏறுச்சு, அதுக்கு நாலு நிமிஷம் போச்சு, அந்த நாலு நிமிஷத்த நான் ராத்திரி 1.40-க்கு மிச்சம் பிடிச்சிருக்கலாம். பிபி அதிகமா இல்ல, இதய நோய் இல்லன்னு உறுதி பண்ணிட்டு, கர்ப்பப்பைய சுருங்க வைக்கிற இன்னொரு மருந்து மெத்தர்ஜின் 0.2 மிகி தசையில. டிரானெக்சாமிக் ஆசிட் 1 கிராம், பத்து நிமிஷத்துல மெதுவா நரம்புல. ரத்தம் உறைஞ்ச கட்டி கரையாம பிடிச்சு வைக்கிற மருந்து அது. பிரசவம் ஆகி மூணு மணி நேரத்துக்குள்ள குடுக்கணும், தள்ளிப் போக ஒவ்வொரு பதினஞ்சு நிமிஷமும் அதோட பலன் குறையுது. 21 நாட்டுல 20,000 பொண்ணுங்களுக்கு மேல சேர்த்து நடந்த ஆய்வு 2017-ல வந்ததுக்கு அப்புறம்தான் இது முதல் வரிசை மருந்துகளோட சேர்ந்துச்சு. மருந்தை கண்டுபிடிச்சது ஜப்பான்ல உட்டாகோ ஒகமோட்டோங்குற ஒரு பெண் டாக்டர், 1960-கள்லயே. பிரசவ ரத்தப்போக்குக்காகத்தான் அவங்க தேடுனதே, அம்பது வருஷத்துக்கு மேல யாரும் பெருசா அதை இதுல சோதிச்சுப் பாக்கலங்கிறது எனக்கு இன்னும் ஆத்தாமையா இருக்கு.

5.18-க்கு மேடம் நைட்டி மேல கோட்டைப் போட்டுக்கிட்டு மழையில நனைஞ்சு ஓடி வந்தாங்க. அப்ப பிபி 84/50, நாடி 134. ‘பாப்பா கண்ணைத் திற, என் கூட பேசு’ன்னு சொல்லிக்கிட்டே மேடம் ஒரு கை உள்ள ஒரு கை வெளியன்னு கர்ப்பப்பைய ரெண்டு கைக்கும் நடுவுல நசுக்கிப் பிடிச்சாங்க. அதே வேலைக்கு மிசோபிராஸ்டால் மாத்திரை 800 மைக்ரோகிராம் நாக்குக்கு அடியில. ஆக்ஸிஜன் மாஸ்க். குறைஞ்சுது, ஆனா நிக்கல. 5.32-க்கு ஆணுறை பலூன் போட முடிவு பண்ணாங்க. மூத்திர டியூப் நுனியில ஆணுறையைக் கட்டி கர்ப்பப்பைக்குள்ள விட்டு சலைன் ஏத்துறது, உள்ள இருந்து அழுத்தம் குடுக்கும். பங்களாதேஷ்ல டாக்கா டாக்டர் சயீபா அக்தர் கண்டுபிடிச்சது, அங்க விலை கூடின பலூன் வாங்க வழியில்லாத ஆஸ்பத்திரியில கைல இருக்குறத வச்சு யோசிச்சது. எங்களுக்கும் அதே நிலைமைதான். 350 மிலி ஏத்துனதும் சொட்டு சொட்டா குறைஞ்சு நின்னுச்சு.

5.48-க்கு 108 வந்துச்சு. வண்டியில ஷாக் சூட் இருந்துச்சு, கணுக்கால்ல இருந்து ஆரம்பிச்சு மேல வரைக்கும் வரிசையா இறுக்கிக் கட்டுற உடுப்பு, கால்ல இருக்குற ரத்தத்த மேல நெஞ்சுக்கும் மூளைக்கும் தள்ளும். கட்டி முடிச்சு அஞ்சு நிமிஷத்துல பிபி 96/60. பக்கத்துத் தெரு சிஸ்டரும் மேடமும் அந்த தலைப்பிரசவப் பொண்ணோட இருந்துட்டாங்க, நான் வண்டியில ஏறிட்டேன். குழந்தைய விட்டுட்டுப் போறதா கூட்டிட்டுப் போறதான்னு ஒரு நிமிஷம் பேச்சு வந்துச்சு, அம்மாவையும் புள்ளையையும் பிரிக்க வேண்டாம்னு அம்மாச்சி ரவிக்கைக்குள்ள நெஞ்சோட நெஞ்சா வச்சு சேலைய சுத்திக் கட்டினோம், மழைக்குளிர்ல அந்தச் சூடு குழந்தைக்கு வேணும்.

வண்டியில இருந்தே ஜிஎச் லேபர் வார்டுக்கு போன்: பி பாசிட்டிவ், எச்பி 36 வாரத்துல 9.8, இப்ப இன்னும் கீழ, கர்ப்பப்பை சோர்வு, இன்னின்ன மருந்து இத்தனை மணிக்கு குடுத்தாச்சு, பலூன் உள்ள இருக்கு, ஷாக் சூட் போட்டிருக்கு, வந்ததும் கழட்டிராதீங்க. கடைசி வாக்கியத்த ரெண்டு தடவ சொன்னேன். அந்த சூட்டை திடீர்னு கழட்டினா பிபி சரிஞ்சுரும், ரத்தம் ஏத்தி நிலைமை நிலைச்சதுக்கு அப்புறம் கணுக்கால்ல இருந்து ஒண்ணொண்ணா, நடுவுல பதினஞ்சு நிமிஷம் விட்டு, பிபி பாத்துப் பாத்துதான் கழட்டணும். புதுசா பாக்குறவங்க ‘என்னடா இது’ன்னு மேல இருந்து பிரிச்சுரக்கூடும்னு பயம். 6.50-க்கு போய் சேர்ந்தோம். வாசல்லயே ஸ்டிரெச்சரோட நின்னாங்க, ரத்தம் தயாரா இருந்துச்சு. அந்த வார்டு சிஸ்டர் யாருன்னு எனக்குத் தெரியாது, ஆனா அவங்களுக்கு நான் கடமைப்பட்டிருக்கேன்.

அங்க தியேட்டர்ல வச்சு கர்ப்பப்பை வாய் கிழிசல் இருக்கா, நஞ்சு மிச்சம் இருக்கா, ரத்தம் உறையாம இருக்கான்னு பாத்தாங்க, மூணும் இல்ல, சோர்வு மட்டும்தான். ரெண்டு யூனிட் ரத்தம் ஏத்துனாங்க. ஆபரேஷன் தேவைப்படல. அடுத்த நாள் காலையில பலூனை எடுத்தாச்சு. ஏத்துனதுக்கு அப்புறமும் எச்பி 7.1 தான்.

நான் திரும்பி வந்ததும் ஆயாம்மாவும் நானும் அந்த ராத்திரி துணி, பேடு, கட்டி எல்லாத்தையும் குழந்தை எடை மெஷின்ல வச்சு நிறுத்தோம். காய்ஞ்ச துணியோட எடைய கழிச்சா மிச்சம் ஒரு கிராமுக்கு ஒரு மிலி. கிட்டத்தட்ட 1,300 வந்துச்சு. பனிக்குடத் தண்ணி கொஞ்சம் கலந்திருக்கும், அப்படியே வச்சாலும் ஆயிரத்துக்கு மேல. நான் எழுதின 200-க்கும் இதுக்கும் நடுவுலதான் ஒரு உயிர் இருந்துச்சு. கேஸ் ஷீட்ல ‘200 மிலி. நார்மல்’ங்கிறத அடிச்சு மறைக்கல, ஒரே கோடு போட்டு படிக்கிற மாதிரியே விட்டுட்டு, பக்கத்துல நிறுத்த அளவை எழுதி, தேதி நேரம் போட்டு, 4.50 செக் பண்ணப்படலன்னும் எழுதி கையெழுத்து போட்டேன். மேடம் ‘ஏம்மா இதையும் எழுதணுமா’ன்னு கேட்டாங்க, அப்புறம் அவங்களே ‘எழுது, அப்பத்தான் ரெண்டாவது நர்ஸ் கேக்க முடியும்’னு சொன்னாங்க.

இதுவரைக்கும் சொன்னது அஞ்சு மணி நேரக் கதை. அதுக்கு அப்புறம் ஆறு வாரம் இருக்கு, அதைப் பத்திதான் யாரும் எழுதுறதில்ல.

மூணாவது நாள் ஜிஎச்ல போய் பாத்தேன், பால் வரல. பொண்ணு ‘எனக்கு ரத்தமெல்லாம் போயிருச்சு, பாலும் போயிருச்சாக்கா’ன்னு கேட்டா. இந்தக் கேள்விய லேசா எடுத்துக்கக் கூடாது. நிறைய ரத்தம் போய் பிபி ரொம்ப இறங்குனா மூளைக்கு அடியில இருக்குற பிட்யூட்டரி சுரப்பிக்கு ரத்தம் கிடைக்காம அடிபடலாம், அதுக்கு ஷீஹன் சிண்ட்ரோம்னு பேரு. முதல் அடையாளமே பால் சுரக்காம போறதுதான், அப்புறம் மாதவிலக்கு திரும்ப வராது, அசதி, குளிர் தாங்காம போறது, வருஷக்கணக்குல கண்டுபிடிக்காமலே சில பேர் இருந்துருவாங்க. அதே நேரம் ரத்தசோகையும் பயமும் இருந்தாலே பால் ஒண்ணு ரெண்டு நாள் தாமதமாகும். அதனால ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ குழந்தைய மார்புல போடச் சொல்லி, நடுவுல கையால பிழிஞ்சு சொட்டை ஸ்பூன்ல குடுத்து, அவளை படுத்துக்கிட்டே பால் குடுக்கச் சொல்லிக் குடுத்தேன், உக்காந்தா தலை சுத்துச்சு. நாலாவது நாள் ராத்திரி பால் கட்டிக்கிச்சு. ‘வலிக்குதுக்கா’ன்னு போன்ல அழுதா, எனக்கு அந்த வலி அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு.

ஆறாவது நாள் வீட்டுக்கு வந்தா. கிராம சுகாதார செவிலியர் அக்காவோட நானும் மறுநாள் போனேன். அறைக்கதவு சன்னல் எல்லாம் சாத்தி, புழுக்கம், அவளுக்கு ஒண்ணுக்கு போனா எரிச்சல், மலச்சிக்கல். கேட்டா தண்ணி ஒரு நாளைக்கு மூணு டம்ளர்தான், அதுவும் சுக்கு போட்டு கொதிக்க வச்சது. பச்சப்புண்ணு வயித்துல தண்ணி கோத்துக்கும்னு அம்மாச்சி நம்பிக்கை. கீரை கிடையாது, பழம் கிடையாது, பூண்டுக்குழம்பும் சுட்ட கருவாடும் மட்டும். அந்த அம்மாச்சி கிட்ட ‘நீங்க செய்யுறது தப்பு’ன்னு சொல்ல எனக்கு வாய் வராது, அன்னைக்கு ராத்திரி அவங்க கையில்லன்னா என்ன ஆகியிருக்கும்னு எனக்குத்தான் தெரியும். ‘அம்மாச்சி, போன ரத்தத்துக்கு ஈடா உடம்பு புதுசா செய்யணும், அதுல முக்காவாசி தண்ணிதான், பாலும் தண்ணிதான். நீங்க கொதிக்க வச்ச தண்ணியே குடுங்க, சுக்கு போட்டே குடுங்க, அளவ மட்டும் கூட்டுங்க’ன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. ‘கணக்கு சரிதான் ஆத்தா’ன்னாங்க. அப்புறம் அவங்களாவே ‘சுவரொட்டி வாங்கி மிளகு போட்டு வதக்கிக் குடுத்தா ரத்தம் ஊறுமே, குடுக்கவா’ன்னு கேட்டாங்க. ஆட்டு மண்ணீரல்ல இரும்புச்சத்து நிறைய இருக்கு, இதுல எங்க புத்தகமும் அம்மாச்சியும் ஒரே கட்சி. மாத்திரைய டீயோட போடாம எலுமிச்சை ஜூஸோட போடணும்னு சொன்னதும் ஒத்துக்கிட்டாங்க. மூத்திர டெஸ்ட்ல இன்ஃபெக்‌ஷன் தெரிஞ்சுது, மேடம் பாலூட்டுறவங்களுக்கு ஏத்த மருந்தா எழுதினாங்க.

ரெண்டாவது வாரம் போனப்ப அவ தூங்கலன்னு தெரிஞ்சுது. குழந்தை தூங்குனாலும் இவ முழிச்சுக்கிட்டு இடுப்புக்கு அடியில கை விட்டு விட்டு பாத்துக்கிட்டே இருக்கா, ஈரம் இருக்கான்னு. ரோட்டுல ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டா உடம்பு நடுங்குது. அழுகை வருதா, வாழப் பிடிக்கலன்னு தோணுதா, குழந்தைய பாக்க எப்படி இருக்குன்னு ஒவ்வொண்ணா கேட்டேன், சாகணும்னு எண்ணம் இல்ல, குழந்தை மேல பாசம் இருக்கு, ஆனா பயம். அப்புறம் கேட்டா: ‘எனக்கு என்னாச்சுக்கா? யாருமே சொல்லல. நான் ஏதாச்சும் தப்பு பண்ணேனா? மாத்திரை போடாததாலயா?’

ரெண்டு வாரம் ஆச்சு, ரெண்டு ஆஸ்பத்திரி, எத்தனையோ பேர் அவளைத் தொட்டுப் பாத்திருக்கோம், ஒருத்தரும் அவ கிட்ட உக்காந்து நடந்ததச் சொல்லல. திண்ணையில அவ பக்கத்துல உக்காந்து 1.40-ல இருந்து வரிசையா சொன்னேன். கர்ப்பப்பை ஏன் சோர்ந்துச்சு, பெரிய குழந்தை, நிறைஞ்ச மூத்திரப்பை, இதெல்லாம் அவ தப்பு இல்ல. ரத்தசோகையால தாங்குற சக்தி குறைஞ்சுது, அது உண்மை, அதையும் சொன்னேன். 4.50-க்கு நான் வந்து பாத்திருக்கணும், வரல, அதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. ‘அந்தப் புள்ள கத்திக்கிட்டு இருந்தா, நான் கத்தல, அதான் வரலயாக்கா’ன்னா. ஆமான்னு சொல்றத தவிர எனக்கு வேற பதில் இல்ல. அவளும் அதுக்கு மேல எதுவும் கேக்கல, குழந்தைய எடுத்து என் மடியில குடுத்துட்டு உள்ள போய் டீ போட்டுக் கொண்டு வந்தா. அன்னைக்கு ராத்திரி நாலு மணி நேரம் சேர்ந்தாப்ல தூங்குனான்னு அடுத்த நாள் அம்மாச்சி போன்ல சொன்னாங்க.

எங்க இடத்துல நாங்க மாத்துனது. அளவு விரிப்பு இப்ப பீரோவுல இல்ல, ஒவ்வொரு பிரசவத்துக்கும் குழந்தை வெளிய வந்து பனிக்குடத் தண்ணி வடிஞ்சதும் போடுறோம். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா நாலு நாட்டுல 80 ஆஸ்பத்திரியில இதேதான் செஞ்சு பாத்தாங்க, விரிப்பால அளந்து, மசாஜ், ஆக்ஸிடோசின், டிரானெக்சாமிக், டிரிப் எல்லாத்தையும் ஒண்ணு தோத்தா அடுத்ததுன்னு காத்திருக்காம ஒரே மூச்சுல குடுத்தது, கடுமையான ரத்தப்போக்கு 60 சதவீதம் குறைஞ்சுதுன்னு 2023-ல வந்துச்சு. அதுல புது மருந்து ஒண்ணுமே இல்ல, எல்லாம் எங்க அலமாரியில இருக்குறதுதான். 2025-ல உலக சுகாதார நிறுவனமும் 500 மிலி வரைக்கும் காத்திருக்க வேண்டாம், 300 மிலி தாண்டி நாடியோ பிபியோ மாறுனாலே ஆரம்பிங்கன்னு சொல்லிருச்சு. அந்த மருந்து எல்லாம் இப்ப ஒரே டிரேல, ஒவ்வொரு டூட்டி மாறும்போதும் எண்ணிக் கையெழுத்து. ஆக்ஸிடோசின் ஃபிரிட்ஜ்ல 2-ல இருந்து 8 டிகிரி, கரண்ட் போனா ஐஸ் பாக்ஸ், முன்னாடி லேபர் டேபிள்லயே நாள் பூரா கிடக்கும். லைன் பச்சைக்குக் குறையாது. பிரசவத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் ஒண்ணுக்கு போனாளான்னு ஷீட்ல தனி கட்டம்.

கூட இருக்குறவங்களுக்கு, அம்மாவோ மாமியாரோ யாரா இருந்தாலும், நஞ்சு வந்ததும் கைய எடுத்து கர்ப்பப்பை மேல வச்சு ‘இது கெட்டியா இருக்கு பாத்தீங்களா, இது தொளதொளன்னு ஆச்சுன்னா, இவ குளிருதுன்னா, கொட்டாவி விட்டா, நான் யாரைப் பாத்துக்கிட்டு இருந்தாலும் வந்து கூப்பிடுங்க’ன்னு சொல்லிக் குடுக்குறோம். ரெண்டு நிமிஷ வேலை. ராத்திரிக்கு ரெண்டாவது நர்ஸ் வேணும்னு மேடம் அந்த கேஸ் ஷீட் நகலோட எழுதிக் கேட்டாங்க. எட்டு மாசம் கழிச்சு வந்தாங்க. பதினஞ்சு நிமிஷத்துக்கு ஒரு செக்னு விதி எழுதுறவங்க, ஒரே நர்ஸ் ரெண்டு லேபர் டேபிளுக்கு நடுவுல நிக்கும்போது அந்த விதிய யாரு செய்யுறதுன்னும் சேர்த்து யோசிக்கணும்.

42-வது நாள் நடந்தே வந்தா, மூத்தவனைக் கையில பிடிச்சுக்கிட்டு. எச்பி 10.2. குழந்தை 5.1 கிலோ, தாய்ப்பால் மட்டும்தான். அடுத்த குழந்தைக்கு குறைஞ்சது மூணு வருஷம் போகட்டும்னு அவளே சொன்னா, ஊசி, காப்பர் டி ரெண்டையும் விளக்கினோம், புருஷன் வர்ற வரைக்கும் மூணு மாசத்துக்கு ஒரு தடவ போடுற அந்தரா ஊசி போதும்னு அதை எடுத்துக்கிட்டா. மாதவிலக்கு வந்தாலும் வராட்டியும் வந்து சொல்லணும், அந்த ஊசியில தள்ளிப் போறதும் உண்டு, ஆனா ரொம்ப அசதியோ குளிரோ இருந்தா ஊசின்னு நெனைச்சு விட்டுராம வந்து ரத்த டெஸ்ட் பண்ணிப் பாக்கணும்னு சொன்னேன். கார்டோட முதல் பக்கத்துல சிவப்பு மையில ‘பிரசவத்துக்குப் பின் கடும் ரத்தப்போக்கு. அடுத்த பிரசவம் ரத்த வங்கி உள்ள மருத்துவமனையில் மட்டும். தேதிக்கு ஒரு வாரம் முன்பே சேர்க்க வேண்டும்’னு எழுதினேன். வீடியோ கால்ல இருந்த புருஷன் அத திரும்பப் படிக்கச் சொன்னாரு, ‘மெதுவா சொல்லுங்கக்கா, நானும் எழுதி வச்சுக்கிறேன்’னு ஒரு பேனாவ தேடி எடுத்துட்டு வந்தாரு. ரெண்டு தடவ படிச்சேன்.